ஒரே பெயர், வேறு வேறு ஆட்கள்: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்லடியிலும் கல்முனையிலும் வரலாற்று வகுப்புக்கு வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சிக்கல்: பெயர் ஒன்று, ஆள் வேறு. பெயரை மட்டும் பாடமாக்கும் பிள்ளை ஒரு நூற்றாண்டைச் சுலபமாகத் தாண்டிப் போய் விழுந்துவிடும். ஆண்டு, ஊர், தகப்பன் பெயர், கூட இருந்த ஆள் ஆகிய நாலில் ஒன்றையாவது பெயரோடு சேர்த்துப் பிடியுங்கள் என்று வகுப்பில் சொல்வேன். இங்கேயும் அந்த வழியில்தான் போகிறேன்.

கல்லடி சிவானந்தா பாடசாலையின் பெயரில் இருக்கும் சிவானந்தர், ரிஷிகேசத்து யோகி சிவானந்தர்தானே?

இல்லை. என்னிடம் வரும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். கேட்பவர்களில் பாதிப்பேர் அங்கே படித்தவர்கள்!

பாடசாலையின் பெயரில் இருப்பவர் வங்காளத்தவர். இயற்பெயர் தாரக்நாத் கோஷால், பிறந்தது 1854. இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேரடிச் சீடர். இராமகிருஷ்ண மடத்தின் இரண்டாவது தலைவராக இருந்து 1934இல் மறைந்தார். மடத்தில் அவரை 'மகாபுருஷ்' என்பார்கள். காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற இளைஞருக்கு 1924இல் துறவு கொடுத்து விபுலானந்தர் ஆக்கியவர் அவர்தான். விபுலானந்தர் 1929இல் கல்லடி உப்போடையில் பாடசாலையைத் தொடங்கியபோது தம் குருவின் பெயரை வைத்தார்.

மற்றவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி. மலாயாவில் வைத்தியராக வேலை செய்தவர், பிறகு ரிஷிகேசம் போய்த் துறவியானார். 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவி, 1963இல் மறைந்தார். இவர் துறவு பெற்றதும் 1924இல்தான். விபுலானந்தர் துறவு பெற்றதும் அதே வருஷம் என்பதால் ஆண்டை வைத்துப் பிரிக்கப் பார்ப்பவர்களுக்கும் இங்கே கொஞ்சம் தடுமாறும். போதாக்குறைக்கு இவர் 1950இல் இலங்கைக்கும் வந்து போயிருக்கிறார்.

வீட்டில் ஒரு படம் தொங்கினால் எந்தச் சிவானந்தர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் இராமகிருஷ்ணரும் சாரதாதேவியும் இருந்தால் அநேகமாக வங்காளத்தவர். யோகாசனப் புத்தகத்தின் அட்டை என்றால் பத்தமடைக்காரர்.

விபுலானந்தர் மயில்வாகனம் என்றால், 'யாழ்ப்பாண வைபவமாலை' எழுதிய மயில்வாகனப் புலவரும் அவர்தானா?

இரண்டு பேருக்கும் நடுவில் ஏறக்குறைய 150 வருஷம் இருக்கிறது. வைபவமாலை ஒல்லாந்தர் காலத்து நூல். ஒல்லாந்த அதிகாரி ஒருவர் கேட்டுக்கொண்டதால் 1736 அளவில் மயில்வாகனப் புலவர் அதை எழுதினார். யாழ்ப்பாண அரசைப் பற்றிய கதைகளில் பாதி அதிலிருந்துதான் வருகிறது. நம்மவர் 1892இல் காரைதீவில் பிறந்து 1947இல் மறைந்தவர். அவர் தந்தது 'யாழ் நூல்'. 'யாழ்' என்ற சொல்லும் இரண்டிலும் இருப்பதால்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று ஊரின் வரலாறு, மற்றது இசைக் கருவியைப் பற்றிய ஆராய்ச்சி.

மூன்றாவதாக ஒரு மயில்வாகனமும் உண்டு. வயதானவர்களிடம் பெயரைச் சொன்னால் இவரைத்தான் முதலில் நினைப்பார்கள்: இலங்கை வானொலியின் எஸ். பி. மயில்வாகனம். அவரது குரலுக்காகத் தமிழ்நாட்டிலும் வானொலியைத் திருப்பி வைத்த காலம் அது.

கண்ணகி சடங்கில் கயவாகு மன்னன் என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இரண்டு கஜபாகு இருக்கிறதே, யார் அவர்?

வைகாசியில் குளிர்த்திச் சடங்கு முடிந்த கையோடு வகுப்பில் இந்தக் கேள்வி வரும். சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதையில் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது வந்திருந்த அரசர்களின் வரிசையில் 'கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்' என்று ஓர் அடி வருகிறது. இந்தக் கயவாகுவை முதலாம் கஜபாகு என்று கொள்கிறார்கள். அவன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து ஆண்டவன்.

இந்த ஓர் அடியை வைத்துப் பெரிய கட்டடமே எழுந்திருக்கிறது. இலங்கை மன்னர்களுக்கு மகாவம்சத்தின் உதவியால் ஆண்டுக் கணக்கு இருக்கிறது. சங்க காலத்துச் சேர சோழ பாண்டியருக்கு அப்படி ஒன்றும் இல்லை. கயவாகுவின் காலம் தெரிந்தால் செங்குட்டுவன் காலம் தெரியும், அவன் காலம் தெரிந்தால் மற்ற அரசர்களையும் புலவர்களையும் முன்னும் பின்னும் அடுக்கலாம். சங்க காலத்தின் கணக்கு இந்த வழியில்தான் நீண்ட நாள் ஓடியது. இதை ஏற்காத ஆராய்ச்சியாளரும் இருக்கிறார்கள். சிலப்பதிகாரம் பிற்காலத்தது, அதில் வரும் சந்திப்பு கவிஞரின் கற்பனையாக இருக்கலாம் என்பது அவர்கள் கட்சி. முதலாம் கஜபாகு பற்றிய மகாவம்சப் பகுதியிலும் கண்ணகி பேச்சே கிடையாது. சிலம்பை அவன் இலங்கைக்குக் கொண்டுவந்த கதை மிகப் பிந்திய சிங்கள வரலாற்று நூலான ராஜாவலியவில்தான் வருகிறது.

சரி, மற்றவன்? இரண்டாம் கஜபாகு 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் ஆண்டான். பராக்கிரமபாகுவோடு போராடிக் களைத்துப்போய், 1153 அளவில் கந்தளாயில் உயிர்விட்டான். 'கோணேசர் கல்வெட்டு' என்ற நூலில் திருக்கோணேச்சரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கயவாகு இவன்தான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. ஆகவே சிலப்பதிகாரம் என்றால் முதலாமவன், கோணேச்சரம் என்றால் இரண்டாமவன். நடுவில் ஆயிரம் வருஷம். நமது ஊர்க் கதைகளில் இரண்டு பேரும் ஒட்டி ஒரே ஆளாகியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். சடங்கில் கதை கேட்கும்போது குறுக்கே எழுந்து ஐயரையும் கட்டாடியாரையும் திருத்தப் போகாதீர்கள். அது பரீட்சை மண்டபம் இல்லை.

மட்டக்களப்புக் கோட்டையைப் பிடிக்க ஒல்லாந்தரோடு சேர்ந்த ராஜசிங்கன் யார்?

இரண்டாம் ராஜசிங்கன், கண்டி அரசன். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை 1638 மே மாதம் 18ஆம் திகதி ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டிடம் விழுந்தது. சில நாளில், 23ஆம் திகதி, இங்கேயே மட்டக்களப்பில் அரசனும் ஒல்லாந்தரும் உடன்படிக்கை செய்தார்கள். இலங்கையின் அடுத்த ஒன்றரை நூற்றாண்டைத் திருப்பிய கடதாசி அது. புளியந்தீவில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போவது எனக்குக் கொஞ்சம் கோபம் தரும் விஷயம்.

முதலாம் ராஜசிங்கன் கண்டிக்காரன் அல்ல, சீதாவாக்கை அரசன். 1581 முதல் 1593 வரை ஆண்டவன், கொழும்பை முற்றுகையிட்டுப் போர்த்துக்கேயரை நடுங்க வைத்தவன், சைவத்தைத் தழுவியவன். போர்த்துக்கேயரின் எதிரிகள் என்பது இரண்டு பேருக்கும் பொது என்பதால் விடைத்தாளில் இவன் செய்ததை அவன் கணக்கில் எழுதுகிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த ராஜசிங்கர்களுக்கு இலக்கம் சொல்வதில்லை, முன்னால் ஒரு அடைமொழி வரும்: ஸ்ரீ விஜய, கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி, கடைசியாக ஸ்ரீ விக்கிரம. அந்தக் கடைசி ஆளின் சொந்தப் பெயர் கண்ணுசாமி. 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

ஸ்பில்பேர்கன் கண்டியில் சந்தித்தது 'தொன் ஜுவான்' என்ற அரசனை என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். ஸ்பானியன் எப்படிக் கண்டிக்கு ராஜா ஆனான்?

நல்ல கேள்வி. ஸ்பானியன் ஆகவில்லை.

ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஸ்பில்பேர்கன் 1602இல் மட்டக்களப்பில் வந்து இறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போனான். அப்போது கண்டியில் இருந்தவன் முதலாம் விமலதர்மசூரியன். அவனுடைய பழைய பெயர் கொனப்பு பண்டார. இளமையில் போர்த்துக்கேயரிடம் இருந்து ஞானஸ்நானம் பெற்றபோது 'ஆஸ்திரியாவின் தொன் ஜுவான்' என்ற பெயரை எடுத்துக்கொண்டான். உண்மையான ஆஸ்திரிய தொன் ஜுவான் 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்ற ஸ்பானியத் தளபதி. அந்தக் காலக் கத்தோலிக்க உலகம் முழுவதும் அவன் பெயர்தான். 1578இல், முப்பத்தோரு வயதில், அவன் இறந்துபோனான். அந்தப் புகழ்பெற்ற பெயர் கண்டி மலைக்கு ஏறியது இப்படித்தான். கொனப்பு பிறகு போர்த்துக்கேயருக்கே எதிரியாகித் திரும்பியது தனிக் கதை.

போகிற போக்கில் ஒன்று. ஸ்பில்பேர்கனுக்கு அடுத்து வந்த செபால்ட் டி வேர்ட் 1603இல் மட்டக்களப்பில் கொல்லப்பட்டான். அதுவும் இதே விமலதர்மசூரியன் காலத்தில்தான். இரண்டாம் விமலதர்மசூரியன் வேறு ஆள். 1687இல் இரண்டாம் ராஜசிங்கனுக்குப் பின் வந்தவன்.

ராஜாக்களுக்கு ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டது யார்? அவர்களேவா?

இல்லை. பிற்கால வரலாற்றாசிரியர்கள் வசதிக்காகப் போட்டவை. எந்த அரசனும் தன்னை 'நான் முதலாம் விஜயபாகு' என்று சொல்லியிருக்க முடியாது, இரண்டாமவன் வருவான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் புத்தகத்துக்குப் புத்தகம் இலக்கம் சில நேரம் மாறும். யாழ்ப்பாண அரசர்கள் இன்னும் கஷ்டம். செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டு சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள்.

தீகவாபியைக் கட்டிய திஸ்ஸ யார்? ஒரே பாடத்தில் நாலு திஸ்ஸ வருகிறார்கள், தலை சுற்றுகிறது.

உங்களுக்கு மட்டும் இல்லை. அம்பாறைப் பிள்ளைகளுக்கு இது சொந்த ஊர்க் கதை என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

களனியில் ஆண்டவன் களனி திஸ்ஸ. அவன் மகள் விகாரமகாதேவி. அவளைக் கடலில் விட்ட கதையில் படகு கரையொதுங்கிய இடம் பொத்துவில் என்று ஒரு சாரார், கிரிந்த என்று இன்னொரு சாரார். அவளை மணந்தவன் உருகுணை அரசன் காவன் திஸ்ஸ. பிள்ளைகள் இரண்டு பேர்: மூத்தவன் காமினி என்ற துட்டகைமுனு, இளையவன் திஸ்ஸ. ஆகவே அம்மாவின் தகப்பன் திஸ்ஸ, தகப்பன் திஸ்ஸ, தம்பியும் திஸ்ஸ. அந்தத் தம்பிதான் சத்தா திஸ்ஸ. தகப்பன் அவனைத் தீகவாபிப் பக்கம் வயல் வேலையைப் பார்க்க அனுப்பியதாக மகாவம்சம் சொல்கிறது. நெல் விளையும் நாடு என்ற பேச்சு அன்றே இருந்திருக்கிறது. தகப்பன் இறந்ததும் கந்துல யானைக்காக அண்ணனும் தம்பியும் சண்டை பிடித்தார்கள், பிறகு சமாதானமானார்கள். அண்ணனுக்குப் பின் அரசனாகி, தீகவாபித் தாதுகோபத்தைக் கட்டியவன் இவன்.

நாலாவது திஸ்ஸ, தேவநம்பிய திஸ்ஸ, இவர்களுக்கு முந்தியவன். மகிந்த தேரர் வந்தபோது அநுராதபுரத்தில் இருந்தவன். 'பௌத்தம் வந்தது' என்றால் அவன், 'தீகவாபி' என்றால் சத்தா. அது போதும்.

அசோகனுக்கும் 'தேவநம்பிய' என்ற பட்டம் இருந்ததா?

இருந்தது. அதில் ஒரு பெரிய ஆள்மாறாட்டமே நடந்தது.

1837இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமிக் கல்வெட்டுகளைப் படித்து முடித்தார். எங்கு பார்த்தாலும் 'தேவானம்பிய பியதசி' என்ற அரசன் பேசுகிறான், ஆனால் இந்திய அரசர் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே தேவநம்பியன் இலங்கைத் திஸ்ஸதான். எனவே இந்தியா முழுக்கக் கல்வெட்டு வெட்டியவன் இலங்கை அரசனோ என்று முதலில் எண்ணினார். அதைத் திருத்தியவர் இலங்கையில் அரசாங்க உத்தியோகத்தில் இருந்து பாளி படித்த ஜோர்ஜ் டேனர். பழைய பாளி வரலாற்று நூலான தீபவம்சத்தின் ஏட்டில் சந்திரகுப்தனின் பேரன், பிந்துசாரனின் மகன் அசோகன்தான் 'பியதசி' என்று இருந்ததைக் கண்டு எழுதினார். தகப்பன் பெயரும் பாட்டன் பெயரும் வந்ததும் சிக்கல் அவிழ்ந்தது. 1915இல் மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகன் என்ற பெயரே நேராக இருந்தது.

அதே பதிலில் சந்திரகுப்தனையும் பிரித்துக்கொள்ளுங்கள். மௌரியச் சந்திரகுப்தன் கி.மு. 4ஆம் நூற்றாண்டு, குப்த வம்சத்துச் சந்திரகுப்தர்கள் கி.பி. 4ஆம் நூற்றாண்டு. நூற்றாண்டு எண் ஒன்றாக இருப்பதால் கி.மு., கி.பி.யைக் கவனிக்காத பிள்ளை போய்விடும்.

ஒளவையார் ஒருவரா, பலரா?

பலர். குறைந்தது இரண்டு பேரை ஐயமில்லாமல் பிரிக்கலாம்.

சங்க காலத்து ஒளவை அதியமான் நெடுமான் அஞ்சியின் நண்பர், அவனுடைய தூதராகவும் போனவர். சங்க இலக்கியத்தில் அவர் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. அந்தப் பாடல்களில் கள் இருக்கிறது, போர் இருக்கிறது, அதியமான் இறந்தபோது கதறும் கையறுநிலை இருக்கிறது. நெல்லிக்கனி பெற்றவரும் அவரே. 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்று பாடியவரைப் பால்வடியும் கிழவியாக எண்ண எனக்கு மனம் வராது.

ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி எழுதிய ஒளவை பல நூற்றாண்டு பிந்தியவர். அவருடைய மொழியே வேறு. முதல் ஒளவையின் பாட்டுக்கு உரை வேண்டும், 'அறஞ்செய விரும்பு' என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ஒளவை குறள், விநாயகர் அகவல் பாடியவர்களை இன்னும் தனியாகப் பிரிப்போரும் உண்டு.

பிறகு ஒரே கிழவி கையில் தடியோடு ஆயிரம் வருஷம் நடந்ததாகக் கதை எப்படி வந்தது? நெல்லிக்கனி தின்றதால் நீண்ட ஆயுள் என்று ஒரு காரணம் கையோடு இருந்ததால் மக்களுக்கு இடைஞ்சலே இல்லை. எனக்கு இந்தக் கதையில் ஒரு குறை: பல பெண் புலவர்களை ஒருவராகச் சுருக்கிவிட்டது. ஆண் புலவர்களை நாம் அப்படி விட்டுவிடுவதில்லை, ஒவ்வொருவருக்கும் அடைமொழி போட்டுப் பிரித்துவிடுகிறோம்.

நக்கீரர், கபிலர், பரணர்?

அங்கேயும் இதே கதைதான். சங்கப் புலவர்கள் மூவர். பிறகு பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் என்று மூன்று பேர் வருகிறார்கள். 'தேவ நாயனார்' ஒட்டியிருந்தால் சைவப் பாடல், பிற்காலம். கோயில் கூட்டங்களில் கபிலரைப் பாரியின் நண்பர் என்று தொடங்கிச் சிவபெருமான் பாட்டில் கொண்டுபோய் முடிப்பார்கள். பொறுத்துக்கொள்ளலாம், பரீட்சையில் கூடாது.

மன்னாரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற சங்கிலியும் கோவாவில் கொல்லப்பட்ட சங்கிலியும் ஒருவரா?

இரண்டு பேர். முதலாம் சங்கிலி 1519இல் ஆட்சிக்கு வந்தவன், மன்னார்ச் சம்பவம் 1544. இரண்டாம் சங்கிலி, சங்கிலி குமாரன், 1617 முதல் 1619 வரை இருந்த கடைசி அரசன். போர்த்துக்கேயர் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றது இவனை.

மாகோன் என்பவர் சமஸ்கிருதக் கவிஞர் மாகரா?

இல்லை. கவிஞர் 7ஆம் நூற்றாண்டு இந்தியர். நம்மூர்க் கோயில் ஒழுங்கையும் குடி வகுப்பையும் ஏற்படுத்தியவன் என்று மட்டக்களப்பு மரபு சொல்லும் மாகோன், 1215இல் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்த கலிங்க மாகன்.

பொன்னம்பலம் இராமநாதன், ஜீ. ஜீ. பொன்னம்பலம்: தகப்பனும் மகனுமா?

உறவுகூட இல்லை. நமது பெயர் முறை தெரியாத வெளிநாட்டு எழுத்தாளர்கள் வழுக்கும் இடம் இது, இப்போது நம் பிள்ளைகளும் வழுக்குகிறார்கள். இராமநாதனுக்கும் (1851–1930) அருணாசலத்துக்கும் (1853–1924) முன்னால் நிற்கும் பொன்னம்பலம் அவர்கள் தகப்பன் பெயர். அவர்கள் அண்ணன் தம்பி. ஜீ. ஜீ. பொன்னம்பலத்துக்கு (1901–1977) அது சொந்தப் பெயர், முன்னால் இருக்கும் இரண்டு எழுத்துகளும் கணபதிப்பிள்ளை காங்கேசர். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அருணாசலம். ஐம்பதுக்கு ஐம்பது, அதாவது சட்டசபையில் சிங்களவருக்குப் பாதி, மற்ற இனங்களுக்குப் பாதி, கேட்டவர் ஜீ. ஜீ.

சேனாநாயக்க சமுத்திரம் எந்தச் சேனாநாயக்கவின் பெயர்?

தகப்பன் டி. எஸ். சேனாநாயக்க. கல்லோயாத் திட்டம் 1949இல் இங்கினியாகலையில் தொடங்கியபோது பிரதமர் அவர். 1952இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மூன்று தடவை பிரதமரான டட்லி சேனாநாயக்க அவர் மகன்.

வீட்டில் மகனுக்கு உமர் என்று பெயர் வைத்தோம். கலீபா உமரும் கவிஞர் உமரும் ஒருவரா என்று கேட்கிறான். (அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தாய்)

அவனுக்கு நாலு பேரைச் சொல்லுங்கள். உமர் இப்னு கத்தாப், இரண்டாவது கலீபா, 634 முதல் 644 வரை. உமர் இப்னு அப்துல் அஸீஸ், உமையா கலீபா, 717 முதல் 720 வரை. தாய்வழியில் இவர் முதலாமவரின் கொள்ளுப்பேரன் என்பதால் பெயர் தற்செயல் இல்லை. நீதிக்குப் பெயர்போனவர்கள் இரண்டு பேரும் என்பதால் பயான்களில் (மார்க்கச் சொற்பொழிவுகளில்) ஒருவர் செய்தி மற்றவர் பெயரில் வருவதுண்டு. உமர் கய்யாம் 11ஆம் நூற்றாண்டில் பிறந்த பாரசீகக் கணித அறிஞர், நாலடிக் கவிதைகளுக்குப் பெயர் போனவர். அப்புறம் நமது உமறுப் புலவர், 17ஆம் நூற்றாண்டில் எட்டயபுரத்தோடு சேர்ந்தவர், சீறாப்புராணம் பாடியவர். தமிழில் 'று' போட்டு எழுதுவதால் இவரை மட்டும் பிள்ளைகள் குழப்புவதில்லை.

பாப்பரசர் பிரான்சிஸ், பிரான்சிஸ் சவேரியார் பெயரையா எடுத்தார்? இரண்டு பேரும் இயேசு சபையினர்தானே?

அப்படித்தான் பலர் 2013இல் நினைத்தார்கள். சபை ஒன்றுதான், ஆனால் அவர் எடுத்தது 13ஆம் நூற்றாண்டில், 1226இல், மறைந்த அசிசி நகரத்துப் பிரான்சிசின் பெயரை. ஏழைகளின் புனிதர் என்பதற்காக. சவேரியார் (1506–1552) நமது கடலோரங்களில் போதித்தவர். மேலே சொன்ன முதலாம் சங்கிலியின் மன்னார்ச் சம்பவம் அவர் காலத்ததே. அன்னை தெரேசாவும் அதே மாதிரி: ஆவிலாவின் 16ஆம் நூற்றாண்டுத் தெரேசாவின் பெயர் இல்லை, 1897இல் இளவயதில் இறந்த லிசியே நகரத் தெரேசாவின் பெயர்.

ரொபர்ட் நொக்ஸ் பிணங்களை விலைக்கு வாங்கினாரா? இணையத்தில் அப்படிப் போட்டிருக்கிறது.

அது வேறு நொக்ஸ், ஆனால் மூன்று பேரை நினைவில் வைக்க வேண்டும். ஆங்கிலக் கப்பல் தலைவர் ரொபர்ட் நொக்ஸ், அதே பெயர் கொண்ட அவர் மகன், பிறகு எடின்பரோ நகரத்து வைத்தியர் ஒருவர்.

புயலில் பாய்மரம் உடைந்த கப்பல் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் தகப்பனையும் மகனையும் பிடித்தார்கள். தகப்பன் மறு வருஷமே காய்ச்சலில் இறந்தார். மகன் 1679இல் அரிப்பு என்ற ஊர்ப் பக்கமாகத் தப்பி, 1681இல் இலங்கை பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். வைத்தியர் நொக்ஸ் (1791–1862) உடற்கூற்றியல் ஆசிரியர். 1828இல் பேர்க், ஹெயர் என்ற இருவர் ஆட்களைக் கொன்று பிணங்களை விற்றது அவரிடம்தான். தேடுபொறியில் 'ரொபர்ட் நொக்ஸ்' என்று மட்டும் தட்டினால் இவரும் வந்து நிற்பார்.

உயிரோடு இருக்கும்போதே ஒரே பெயரால் சண்டை வந்ததுண்டா?

சண்டை இல்லை, நல்ல மரியாதையாகத் தீர்த்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. 1899 அளவில் வின்ஸ்டன் சேர்ச்சில் என்றால் உலகம் அறிந்தது அமெரிக்க நாவலாசிரியரை (1871–1947). பிற்காலப் பிரிட்டிஷ் பிரதமர் (1874–1965) அப்போது பெயர் தெரியாத இளைஞர், அவரும் எழுதத் தொடங்கியிருந்தார். அவரே அமெரிக்கருக்குக் கடிதம் எழுதி, தன் புத்தகங்களில் 'வின்ஸ்டன் ஸ்பென்சர் சேர்ச்சில்' என்று போடுவதாக ஒத்துக்கொண்டார். பிறகு உலகம் யாரை மறந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

கல்லடிக்கு அப்பால் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலும் போக்லாந்துப் போரில் இருந்த ஹெர்மிசும் ஒன்றா?

ஆட்களைப் பற்றிய பக்கத்தில் கப்பலுக்கும் இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் சுழியோடப் போகும் பையன்கள் விடுவதில்லை. நம்ம கடலில் இருப்பது 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி. அது எழும்பி வந்து 1982இல் போருக்குப் போக முடியாது. போக்லாந்துக்குப் போனது பின்னால் கட்டி 1959இல் கடற்படையில் சேர்ந்த இன்னொரு ஹெர்மிஸ். அது இந்தியாவுக்கு விற்கப்பட்டு ஐ.என்.எஸ். விராட் ஆகி 2017 வரை ஓடியது. 1914இல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த ஹெர்மிஸ் என்று இதற்கு முந்தியதும் ஒன்று உண்டு.

நூலகத்தில் 'கந்தையா' என்று தேடினால் இரண்டு பேர் வருகிறார்கள்.

மட்டக்களப்பு பற்றி வேண்டுமென்றால் பண்டிதர் வி. சீ. கந்தையா, 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதியவர். ந. சி. கந்தையா பிள்ளை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர், சங்க நூல்களுக்கு உரைநடையும் அகராதிகளும் எழுதியவர். முன்னெழுத்தைப் பார்த்து எடுங்கள்.

நமது ஊரில் ஒரே பெயரில் ஐந்து பேர் இருந்தாலும் யாரும் குழம்புவதில்லையே, புத்தகத்தில் மட்டும் ஏன்?

ஊரில் பெயரை யாரும் தனியாகச் சொல்வதில்லை. எந்தக் குடி, எந்த வட்டையில் வயல், யார் வீட்டு மருமகன் என்று பெயரோடு சேர்ந்தே வருகிறது. தம்பிப்பிள்ளை போடியார் என்றால் ஒருவர், ஆஸ்பத்திரியில் வேலை செய்த தம்பிப்பிள்ளை என்றால் இன்னொருவர். பாடப்புத்தகம் இந்த ஒட்டுகளைக் கழற்றிவிட்டு வெறும் பெயரையும் ஓர் இலக்கத்தையும் தருகிறது. பிள்ளையின் தவறு என்று முழுக்கச் சொல்ல முடியாது.

சேர், வினாவிடைப் போட்டியில் 'ராஜசிங்கன்' என்று மட்டும் கேட்டால் என்ன சொல்வது?

எந்த ராஜசிங்கன் என்று கையைத் தூக்கிக் கேளுங்கள். கேட்க விடாவிட்டால் கேள்வியில் உள்ள மற்றச் சொல்லைப் பாருங்கள்: சீதாவாக்கை, கொழும்பு முற்றுகை என்றால் முதலாமவன். ஒல்லாந்தர், மட்டக்களப்பு, நொக்ஸ் என்றால் இரண்டாமவன். வேலூர் என்றால் ஸ்ரீ விக்கிரம. எழுத்துப் பரீட்சையில் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் போட்டுவிடுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் நூற்றாண்டையாவது போடுங்கள், திருத்துபவருக்கு நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று விளங்கும்.